ஞாயிறு சந்தையில் நின்ற வேன்

1

இன்று காலை ஏழு ஐம்பது ரயிலில் உட்கார்ந்து, வழக்கம்போல எங்கள் கம்பெனி மேப்பைத் திறந்தேன். சாம்பல் நிறத் திரை வந்தது. நடுவில் நான்கைந்து மொழிகளில் ஒரே வரி: இந்தச் சேவை முடிந்துவிட்டது, இத்தனை காலம் உடன் வந்ததற்கு நன்றி. தமிழில் இல்லை. பதினெட்டு வருஷம் அந்த மேப்புக்காக உழைத்திருக்கிறேன். நான் இருக்கும் புறநகரிலிருந்து பாரிசுக்குப் போகும் பாதை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். இருந்தாலும் தினமும் மேப்பைத் திறந்து, அதில் நானாகிய நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டு போவது பழக்கம். இன்றைக்குப் பக்கத்து இருக்கைப் பெண்ணின் போனில் நீலப் புள்ளி நகர்ந்தது. அது எங்கள் போட்டிக் கம்பெனியின் மேப். என் மகள் வேலை பார்க்கும் கம்பெனி.

வெளிநாட்டிலிருந்து ஒருவன் எழுதினால் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நானும் இந்தப் பக்கத்தில் அதையெல்லாம் அலுக்காமல் எழுதியவன்தான். இந்தத் தடவை அதற்கு மனசு வரவில்லை. ஐந்து மாதமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூங்கி எழுந்ததும் முதலில் ஞாபகத்துக்கு வருவது முத்தியால்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்வேன் போலிருக்கிறது.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன், பெயர் குமார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த சொல்தா வீட்டுப் பெண்களுக்கு மாப்பிள்ளைகள் வரிசையில் நின்ற காலத்தில், ஒரு சொல்தா தன் மகள் கலாவை எனக்குக் கொடுத்தார். அத்தனை பேரில் என்னை ஏன் பிடித்தார் என்று கலாவுக்கே இன்றுவரை புரியவில்லை. அப்படித்தான் இங்கே வந்தேன். பத்து வருஷம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க பிரெஃபெக்த்யூர் என்கிற சர்க்கார் அலுவலக வாசலில் விடியற்காலையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைகிறது என்பார். எந்தக் காகிதம் என்பதை அடுத்த தடவை வரும்போதுதான் சொல்வார்.

அப்புறம் மேப் கம்பெனியில் வேலை கிடைத்தது. நேர்காணலில் வானத்திலிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டி, இது எந்த ஊர் தெரிகிறதா என்றார்கள். கடற்கரை, நேர்நேரான தெருக்கள், நடுவில் மூடிப்போன சாக்கடைக் கால்வாய். என் ஊர் எனக்குத் தெரியாதா? முதல் வருஷம் முழுக்க என் ஊரையே வரையச் சொன்னார்கள். எந்தத் தெரு ஒருவழி, எங்கே லாரி திரும்பாது, பெரிய மார்க்கெட்டுக்குள் எதுவரை ஆட்டோ போகும், எல்லாம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை கூடும், சட்டையும் பாத்திரமும் தரையில் குவிந்து கிடக்கும், வண்டி போக முடியாது. ஞாயிறு காலையிலிருந்து ராத்திரி வரை இந்த வீதியை மூடு என்று அந்த மேப்பில் போட்டவன் நான்தான். இப்படி ஒரு விஷயம் ஊர்க்காரனுக்குத்தான் தெரியும் என்று என் மேலாளர் பெருமையாகச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து, தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி ஒரு கிளை திறந்தது. படங்களைப் பார்த்து உலகத்துச் சாலைகளைத் திருத்துகிற வேலைக்கு நூறு பேருக்கு மேல் எடுத்தார்கள். அதற்கும் நான் ஒரு காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

3

அப்போது நாங்கள் ராஜா. கார் வாங்கினால் வழி காட்டுகிற எங்கள் கருவி அதில் இருக்கும். போட்டிக் கம்பெனி தன் மேப்பைப் போனில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது, எங்கள் இயக்குநர் மேடையில் நின்று, இலவசமாகக் கொடுக்கிறவன் எத்தனை நாள் கொடுப்பான் என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். போனை வைத்திருக்கிறவர்கள் போகிற போக்கிலேயே அவர்களுக்குச் சாலை வரைந்து கொடுக்கிறார்கள் என்பது எங்களுக்கு உறைக்கச் சில வருஷம் ஆயிற்று. நாங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்ததை அவர்களுக்கு ஊரே சும்மா செய்து கொடுத்தது.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. போட்டிக் கம்பெனியின் மேப்பைப் போனில் வைத்திருந்து பிடிபட்டால், மறுநாள் மாடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் குருவாசான், இங்கத்து வெண்ணெய் ரொட்டி, வாங்கி வர வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்தது. போகப்போக ஆட்கள் அடுத்தவர் போனை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தட்டாஞ்சாவடி கிளைக்கும் இந்த வழக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே குருவாசானுக்குப் பதில் முட்டை பப்ஸ்.

என் மகள் நிவேதா படிப்பு முடித்து அந்தப் போட்டிக் கம்பெனியில் சேர்ந்தாள். மூன்று மாதம் நான் அவளோடு பேசவில்லை. கலா நடுவில் தூது போய்க் களைத்துவிட்டாள். ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நிவேதாவின் போன் திறந்து கிடந்தது, அதில் அவர்கள் மேப். நான் சமாதானம் ஆகிற நினைப்பில், நாளைக்குக் குருவாசான் நீதான் என்றேன். நான் தமிழில் பேசுவேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டு ஏற்பாடு அது. அவள் சொன்னாள், “பப்பா, எங்கள் ஆபீசில் யார் எந்த மேப் வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை.” எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இவளை இங்கே பெற்று வளர்த்தது தப்பு என்றுகூடச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

4

வசந்தா அக்காவுக்கு ஒரே மகன், இளங்கோ. அவனுக்கு நான் தாய்மாமன். அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, மில்லில் தறி ஓட்டியவர். சங்கு ஊதினால் அந்தப் பகுதியே கிளம்பிப் போகிற பெரிய மில். அது மூடிய பிறகு மாமா பார்க்காத வேலை இல்லை. அதனால் அக்காவுக்கு மகன் விஷயத்தில் ஒரே பிடிவாதம், சர்க்கார் வேலை. இளங்கோ பரீட்சை எழுதி, ஒரு இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தும்விட்டான். ஒரு வருஷம் ஓடியது. அப்போதுதான் நான் வீடியோவில் வந்தேன்.

“குமாரு, கவர்மெண்ட் வேலைடா. அத வுட சொல்றியா நீ?” என்றாள் அக்கா.

“அவன் அங்க ஃபைலுக்கு நம்பர் போட்டுகினு உக்காந்திருக்கான் அக்கா. கம்ப்யூட்டர் படிச்ச பையன். தட்டாஞ்சாவடியில நம்ம ஆபீஸ்ல எடம் இருக்குது. நான் ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“உங்க மாமா மில்லுக்குப் போவசொல்ல நம்ப அப்பா இன்னா சொன்னாரு? ஊரே அதுலதான் சாப்புடுது, அது எங்க போயிடப் போவுதுன்னாரு.”

“அது மில்லு அக்கா. இது உலகம் பூரா இருக்கற கம்பெனி. நான் உள்ள இருக்கேன்ல.”

மாமா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம், “நீ சொன்னா சரிதான்” என்றாள். இரண்டு மாதத்தில் இளங்கோ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளைக்கு வந்துவிட்டான். நல்ல வேலைக்காரன், ஒன்றரை வருஷத்தில் சீனியர் ஆனான். கடலூரில் பெண் அமைந்தது. சங்கீதா, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வைகாசியில் நிச்சயதார்த்தம், ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

5

இங்கே கம்பெனிகளில் ஊழியர் பிரதிநிதிகள் குழு என்று ஒன்று உண்டு. கதவை மூடுவதென்றால் முதலாளி முதலில் அந்தக் குழுவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குழுவில் இருப்பவர் அறிவிப்பு வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. நான் அந்தக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். பதவி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு காகிதம் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் குறுக்காக அவரவர் பெயர் மங்கலாக அச்சாகியிருந்தது, வெளியே போனால் யாருடையது என்று தெரிவதற்காக. மேப்பை நிறுத்தப் போகிறோம், மிச்சத்தை விற்கப் போகிறோம் என்றார்கள். பட்டியலில் மூடப்படும் கிளைகள். மூன்றாவது வரியில் என் ஊர். தலைமை அலுவலகத்தில் என்னைப்போல வயசானவர்களுக்கு ஏதோ ஏற்பாடு உண்டு. கிளைகளுக்கு அந்தந்த நாட்டுச் சட்டப்படி என்று ஒரு வரி, அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்து எங்கள் சங்க வழக்கறிஞரிடம், குடும்பத்துக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். “குடும்பம் எங்கே வேலை செய்கிறது?” என்றார். நான் பையை மூட ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. விஷயம் வெளியே போனால் எல்லாருக்காகவும் நடக்கிற பேச்சுவார்த்தை கெட்டுப்போகும், என்னைக் குற்றம் சாட்டி வெறுங்கையோடு அனுப்பலாம் என்று விளக்கினார். நான் பயந்தேன். எல்லாருடைய நன்மைக்காக வாயை மூடினேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இந்த வயசில் மறுபடியும் கிடங்கில் பெட்டி தூக்க என்னால் முடியாது என்ற பயம்தான். விஷயத்தைக் கலாவிடம்கூடச் சொல்லாமல், நிச்சயத்துக்குத் தனியாக விமானம் ஏறினேன்.

6

ஞாயிற்றுக்கிழமை. முத்தியால்பேட்டையில் மாடியில் ஒரு சின்ன மஹால். பத்தரைக்குமேல் நல்ல நேரம், பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். பெண் வீட்டார் கடலூரிலிருந்து வேனில் கிளம்பி, ஊர் நுழைவில் மரப்பாலம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. இளங்கோ பட்டு வேட்டியோடு வாசலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் நாலு நிமிஷம் காட்டுது மாமா.”

கால் மணி நேரம் கழித்தும் நான்கு நிமிஷம் காட்டியது. அரை மணி கழித்தும் நான்கு நிமிஷம்.

“எதுல லொகேஷன் அனுப்பின?” என்று கேட்டேன்.

“நம்ம மேப்புலதான். வேற எதுல அனுப்புவேன்? ஆபீஸ்ல தெரிஞ்சா பப்ஸ் வாங்க வெச்சிடுவானுங்க” என்று சிரித்தான். “அவங்க டிரைவரு அந்த இன்னொரு மேப்பு போட்டிருந்தாரு. வேணாண்ணா, நம்மளுது போடுங்கன்னு நான்தான் டவுன்லோடு பண்ண வெச்சேன்.”

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். நீலக் கோடு நேராகக் காந்தி வீதி வழியாக வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில். நான் போட்டிருந்த தடை அங்கே இல்லை. நாள், நேரம் பார்த்து வீதிகளை மூடித் திறக்கிற பிரிவையே சென்ற குளிர்காலத்தில் செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேப்புல எதனா தப்பா?”

“சந்தை அதுல இல்ல மாமா.”

“மின்ன இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

அவர் மெதுவாகச் சொன்னார், “எங்க மில்லுல மூடறதுக்கு ஒரு வருஷம் இருக்கசொல்லவே தறிக்கு ஆயில் குடுக்கறத கொறச்சிட்டானுங்க. சிக்கனம் பண்றானுங்கன்னு நெனச்சோம் நாங்க.”

என் முகத்தைப் பார்த்தார். நான் போனையே பார்த்தேன். அவர் வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய் நாற்காலிகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார்.

பதினொன்று நாற்பதுக்குப் பெண் வீட்டார் வந்து சேர்ந்தார்கள், மூன்று ஆட்டோவில். வேன் சந்தைக்குள் மாட்டி நின்றிருக்கிறது. சீர்த் தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, துணிக் குவியல்களுக்கு நடுவே நடந்து வெளியே வந்திருக்கிறார்கள். பெண்ணின் பட்டுப் புடவைக் கரை முழுக்கப் புழுதி. ஆப்பிள் தட்டில் பாதி ஆப்பிள் இல்லை. சங்கீதாவின் அப்பா தனசேகர், கடலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

“போலீஸ்காரரு ஒருவாட்டி திருப்பி வுட்டாரு. உங்க மேப்பு சுத்திக்கினு மறுபடியும் அந்தச் சந்தைக்கே இட்டுகினு வருது” என்றார். இளங்கோ மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து ஓடியாடினான்.

ஐயர் அவசரமாக நிச்சயப் பத்திரிகை எழுத உட்கார்ந்தார். மாப்பிள்ளை உத்தியோகம் என்ற இடத்துக்கு வந்ததும் இளங்கோ கம்பெனி பெயரைச் சொல்லி, “பர்மனெண்டுனு போடுங்க சாமி” என்றான். தனசேகர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க உள்ளாற இருக்கறவரு. நேராவே கேக்கறேன். இந்தக் கம்பெனிங்க ஒண்ண ஒண்ணு முழுங்கிக்கினே இருக்குதுங்கன்னு பேப்பர்ல போடறான். உங்களுது நிக்குமா? கல்யாணம் ஆனா இங்க வரணும்னு என் பொண்ணு அடுத்த வாரம் வேலைய எழுதிக் குடுக்கறா. அவ சின்ன வயசுலருந்து ஆசப்பட்டுச் சேந்த வேல அது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன்.

“சங்கீதா எதுக்குங்க வேலைய விடணும்? நர்ஸ் வேலை நல்ல வேலை. கடலூரு கிட்டதான இருக்குது, போய் வரட்டும். விட வேணாம்” என்றேன்.

பெண்ணின் அத்தை பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படியே, “பாத்தியா, தாலி கட்டறதுக்கு மின்னயே பொண்ணு சம்பளத்துல கண்ணு” என்றாள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. இளங்கோவுக்குக் காது வரை சிவந்தது.

“இன்னா மாமா நீங்க? அப்டில்லாம் ஒண்ணும் இல்லைங்க அத்தை. அவங்க போனாலும் சரி, போவலன்னாலும் சரி. என் சம்பளம் போதும்.”

சங்கீதா அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நான் போவலாம்னு சொல்றீங்களா மாமா, போவணும்னு சொல்றீங்களா?”

நர்ஸ் இல்லையா, மறைக்கிறவர்களை நிறையப் பார்த்தவள். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் வாயைத் திறந்து கேட்டாள், எனக்கு மட்டும் தெரியும், எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். காகிதத்தில் குறுக்காக அச்சாகியிருந்த என் பெயர் கண்ணுக்கு முன்னால் வந்தது. “உன் இஷ்டம்மா” என்றேன்.

“அத வுடுங்க” என்றார் தனசேகர். “கம்பெனி?”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம். ஐயர் பேனாவோடு காத்திருந்தார்.

“கம்பெனிக்கு ஒண்ணும் இல்லைங்க” என்று சொன்னேன்.

ஐயர் எழுதினார். தாய்மாமன் சாட்சிக் கையெழுத்து என்று என்னிடம் நீட்டினார், போட்டேன். தட்டு மாற்றினார்கள். அக்கா முதல் லட்டை என் வாயில் வைத்தாள். நான் சொன்னதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

மறுநாள் இளங்கோ என்னைத் தட்டாஞ்சாவடி ஆபீசுக்குக் கூட்டிப் போனான். பாரிஸ் மாமா வந்திருக்கிறார் என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண், மேலே வர என்ன கோர்ஸ் படிக்கலாம் சார் என்று கேட்டாள். வில்லியனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளாம். நான் நிதானமாக ஒரு கோர்ஸ் பெயரைச் சொன்னேன், அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

7

திரும்பி வந்த மூன்றாவது வாரம் அறிவிப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வாசலில் பதாகை பிடித்தார்கள், நானும் பிடித்தேன். இப்போது வாரம் ஒரு நாள் அதே ஏழு ஐம்பது ரயிலில் போய், வேலை தேடுகிறவர்கள் பதிகிற அலுவலகத்தில் உட்கார்கிறேன். எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார்கள். ஒரு நகரத்தின் எல்லா ஒருவழிப் பாதைகளும் தெரியும் என்று எழுதினேன். அதிகாரி சிரிக்காமல் அந்த வரியை அடித்துவிட்டு, கிடங்கு அனுபவம் என்று எழுதினார்.

நிவேதா வீட்டுக்கு வந்தாள். என்னைக் குத்திக் காட்டப் போகிறாள் என்று தயாராக இருந்தேன். அவள் கோட்டைக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் பேசினாள். தடுமாறித்தான் பேசினாள், பதினைந்து வருஷமாகப் பேசாத பாஷை.

“பப்பா, போன வாரம் எங்க ஆபீஸ்ல மெயில் வந்துச்சு. புதுசா ஒரு கம்பெனி, கேள்வி கேட்டா மெஷினே பதில் சொல்ற கம்பெனி. அத யாரும் போன்ல வைக்கக் கூடாதுன்னு.”

“வெச்சா?”

“குருவாசான் இல்ல. வார்னிங்.”

ஒரு கம்பெனி தன் ஆட்களின் போனை எட்டிப் பார்க்க ஆரம்பிக்கிற அன்றைக்கே அதற்குப் பயம் பிடித்துவிட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நாங்கள் ராஜாவாக இருந்தபோது எங்களை ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. அவளுக்குப் போன வருஷம்தான் வீட்டுக் கடன் கிடைத்தது. என் மகளுக்காக நான் முதல் தடவையாகப் பயந்தேன். ஜெயித்தவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று இத்தனை வருஷம் அவள்மேல் வைத்திருந்த ஆத்திரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

8

அறிவிப்பு வந்த அன்றைக்கு இளங்கோ போன் செய்தான். அழுவான், கத்துவான் என்று நினைத்து, இரண்டு தடவை எடுக்காமல் விட்டு மூன்றாவது தடவை எடுத்தேன்.

“மாமா, உங்களுக்கும் போச்சா?” என்றான். அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

“எனக்கு எதனா குடுத்து அனுப்புவாங்கடா. நீ எப்படி இருக்க?”

“இருக்கேன். சங்கீதாதான்… முந்தாநாளுதான் ஆஸ்பத்திரியில கடைசி நாள் முடிச்சா. அந்த எடத்துல வேற ஆள எடுத்துட்டாங்களாம். மாமா, ஒண்ணு கேக்கட்டா? நிச்சயத்தன்னிக்கு உங்களுக்கு இது தெரியுமா?”

இப்போது அறிவித்தாகிவிட்டது. காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, என்னைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

“தெரியாதுடா” என்றேன்.

அவன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “எனக்குத் தெரியும் மாமா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு. அம்மாதான் ஒரே புடியா நிக்கறாங்க. உன் மாமனுக்கு அன்னிக்கே தெரியும்டா, மூஞ்சப் பாத்தேன், உங்க அப்பாவும் பாத்தாருன்னு. கூடப் பொறந்தவர இப்டிப் பேசறியே, வெக்கமா இல்லையான்னு கேட்டுட்டேன். நிறைய பேசிட்டேன்.”

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஆகிவிட்டது. இளங்கோ பழைய இலாகாவுக்குப் போய்க் கேட்டான், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு இடமில்லை என்றார்கள். பிள்ளைச்சாவடி பக்கம் ஒரு ஓட்டலுக்கு ஐஸும் மீனும் ஏற்றி இறக்குகிற வண்டி ஓட்டுகிறான். தனசேகர் ஆவணியை ஐப்பசி ஆக்கினார், இப்போது தை பார்க்கலாம் என்கிறார். தையில் என்ன சொல்வாரோ தெரியாது. சங்கீதா ஒரு சின்ன கிளினிக்கில் பாதிச் சம்பளத்துக்குப் போகிறாள். இளங்கோவுக்குத் தினமும் போன் செய்கிறாளாம், எனக்கு ஒரு தடவைகூடச் செய்யவில்லை. மாமா என்னிடம் வழக்கம்போலவே பேசுகிறார், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா போனுக்கு வருவதில்லை. போன வாரம் இளங்கோ, “அம்மாவும் நானும் இன்னும் பேசறதில்ல மாமா. ஒரே வூட்டுல இருக்கோம், தட்ட வெச்சிட்டுப் போயிடறாங்க” என்றான். என்னைப் பற்றி அப்படிச் சொன்னதை அக்காவே வாபஸ் வாங்கட்டும் என்று இருக்கிறானாம்.

மூன்று தடவை அவனிடம் சொல்லிவிடப் போன் செய்தேன். மூன்று தடவையும் மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாசகர்களுக்கு எழுதுவதாகச் சொல்லித்தான் இதை ஆரம்பித்தேன். நான் எழுதுவதை அவன் தவறாமல் படிப்பான் என்று எனக்குத் தெரியும், மாமன் எழுதியது என்று நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவான். இதை அனுப்ப மாட்டான்.

இளங்கோ, நிச்சயத்துக்கு ஒன்பது நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும். சங்கீதா கேட்டபோது தெரியும், கையெழுத்துப் போட்டபோது தெரியும், நீ போனில் கேட்டபோது தெரியாது என்று சொன்னேனே, அப்போதும் தெரியும். உன் அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எழுந்து போய் முதலில் அவளிடம் பேசு.